இந்த ஜில்லா கார்டு உள்ளவர்களுக்கு மட்டும்

அன்றைக்கு பெர்சனல் ஆபீசரின் அறையில் இருந்தவர்கள்: ஆபீசர், லேபர் கான்ட்ராக்டர், மூட்டை தூக்கும் எங்கள் செட்டின் மேஸ்திரி, அப்பா, எழுதுவதற்காகக் கூட்டிப் போயிருந்த நான். கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு செட்டின் மற்ற ஆட்கள் நின்றிருந்தார்கள். இல்லாதவர்கள் ஒரிசாக்காரர்கள். பேச்சு முழுக்க அவர்களைப் பற்றித்தான், ஆனால் அவர்களை யாரும் கூப்பிடவில்லை. நாங்கள் உள்ளே பேசிக்கொண்டிருந்த நேரத்தில் அவர்கள் பின்பக்கக் குடோனில் எங்களுக்கு வந்திருக்க வேண்டிய லாரியை இறக்கிக்கொண்டிருந்தார்கள். மூட்டை தரையில் விழும் சத்தம் சுவர் வழியாக வந்துகொண்டே இருந்தது.

அம்மாவும் இல்லை. அம்மா இருந்திருந்தால் மண்ணெண்ணெய்ப் பேச்சை எடுத்திருப்பாள். அதை யாரும் காதில் வாங்கியிருக்க மாட்டார்கள். இருந்தாலும் அந்த அறையில் அதைச் சொல்ல ஒரு ஆள் இருந்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

மைசூர் ஹெப்பாளில் ஒரு மாட்டுத் தீவனக் கம்பெனி அது. மக்காச்சோளம், கடலைப் புண்ணாக்கு, தவிடு எல்லாம் லாரியில் வரும். தீவனமாகி மூட்டையில் போகும். வருவதை இறக்குவதும் போவதை ஏற்றுவதும் எங்கள் செட்டின் வேலை. பதினான்கு பேர், எல்லோரும் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர்ப் பக்கத்துத் தமிழ்க்காரர்கள். அப்பா அங்கே போனபோது நான் கைக்குழந்தை. நான் பி.காம். கடைசி வருஷம் படிக்கும்போதும் அதே குடோனில்தான் தூக்கிக்கொண்டிருந்தார். மூட்டைக்குத் தொண்ணூறு பைசா. வருவதை மொத்தமாக மேஸ்திரி வாங்கி, சனிக்கிழமை ஆளுக்குச் சமமாகப் பங்கு போடுவார். காய்ச்சலில் படுத்தவனுக்கும் பாதிப் பங்கு உண்டு. அப்பாவின் பிடரியில் மூட்டை உட்காரும் இடத்தில் தோல் காய்த்துக் கறுத்திருந்தது. சட்டைக் காலர் அந்த இடத்தில்தான் முதலில் கிழியும். அம்மா அங்கே மட்டும் உள்பக்கமாகத் துணி வைத்துத் தைத்துக் கொடுப்பாள்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். போனது கன்னடப் பள்ளிக்கூடம். தமிழ் எழுத்தைப் பிற்பாடு கொள்ளேகால் போகும் வழியில் தமிழ்நாட்டு பஸ் போர்டுகளையும், மேஸ்திரி வீட்டில் பொட்டலம் கட்டி வந்த வாரப் பத்திரிகைத் தாள்களையும் பார்த்துக் கூட்டிக் கூட்டிப் படித்தேன். செட்டில் யாருக்கும் எழுதத் தெரியாது. அதனால் மணியார்டர் பாரத்திலிருந்து ஆஸ்பத்திரிச் சீட்டு வரைக்கும் என்னிடம்தான் வரும்.

ஒரிசாக்காரர்கள் முதலில் வந்தது மக்காச்சோள சீசனுக்கு மட்டும் என்று. லோடு அதிகம், எங்களால் ஆகவில்லை. கான்ட்ராக்டர் எட்டுப் பேரைக் கூட்டி வந்து, கம்பெனிக்குப் பின்னால் தகரம் போட்ட ஷெட்டில் தங்கவைத்தார். சீசன் முடிந்தது, அவர்கள் போகவில்லை. அவர்களுக்கு மூட்டைக்கு ஐம்பத்தைந்து பைசா என்று ஒருநாள் தெரிந்தது. அதற்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக லாரிகள் முன்கேட்டில் நிற்காமல் சுற்றிக்கொண்டு பின்கேட்டுக்குப் போக ஆரம்பித்தன. எங்கள் ஆட்கள் முன்கேட்டில் கோணியை விரித்து உட்கார்ந்திருப்பார்கள். லாரி வரும் சத்தம் கேட்டு எழுந்திருப்பார்கள். அது திரும்பிப் போகும். மறுபடி உட்காருவார்கள். சனிக்கிழமைப் பங்கு பாதியாயிற்று.

அந்த எட்டுப் பேரில் ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். முப்பது வயது இருக்கும். ஊரில் மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும். வந்த புதிதில் மூட்டையைத் தலையில் வைத்துத் தூக்கிக் கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அப்பாதான் ஒரு கோணியை முக்காடு மாதிரி மடித்துத் தலையில் மாட்டிவிட்டு, குனியவைத்துப் பிடரியில் ஏற்றிக் காட்டினார். இவருக்கு இந்தி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு பேரும் பீடியைப் பாதிப் பாதியாக இழுத்துக்கொண்டு, ஆளுக்கொரு பாஷையில் ஏதோ பேசிச் சிரிப்பார்கள். "என்னப்பா சொன்னாரு?" என்று கேட்டால், "ஆருக்குத் தெரியும். அவுங்க ஊர்ல மழையில்லைன்னு நெனைக்கறேன்" என்பார்.

ஆபீசரைப் பார்க்கப் போவதற்கு முந்தின நாள் சாயங்காலம், கேட்டுக்கு எதிரே டீக்கடைப் பக்கத்தில் செட்டு முழுக்கக் கூடியது. என்ன கேட்பது என்று முடிவு செய்ய வேண்டும். அந்த மாதம் உள்ளூர் ஆட்களுக்கே வேலை கொடு என்று ஒரு கூட்டம் கேட்டுக்கு வெளியே வந்து கத்திவிட்டுப் போயிருந்தது. அடுத்த முறை வந்தால் காட்டுவதற்குக் கம்பெனிக்கும் ஏதோ ஒரு காகிதம் தேவைப்பட்டது. கேட்டால் கிடைக்கக்கூடிய சமயம் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மேஸ்திரி அப்பாவுக்குச் சித்தப்பா முறை. டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"படிச்ச புள்ள நீ சொல்லு. என்னன்னு கேக்கறது?"

நான் இரண்டு நாளாக யோசித்து வைத்திருந்தேன். "ஒரே கூலின்னு கேப்போமுங்க. யாரு தூக்குனாலும் மூட்டைக்குத் தொண்ணூறு. அவியளுக்கும் அதுதான், நமக்கும் அதுதான். கூலி ஒண்ணாயிட்டா அத்தன தூரத்துல இருந்து ஆளுக் கூட்டியாரக் கான்ட்ராக்டருக்கு என்ன ஆதாயம்?"

"அப்ப அவிய போயிருவாங்களா?"

"போகாமயும் இருக்கலாமுங்க. ஆனா நம்ம கூலி எறங்காது."

மேஸ்திரி மற்றவர்களைப் பார்த்தார். "கேட்டுக்கோங்கப்பா. நாம போயி, சாமி, ஒரிசாக்காரனுக்குக் கூலி பத்தல, கூட்டிக் குடுங்கன்னு கையெடுத்துக் கும்புடோணுமாம். காலேஜுல இதத்தான் சொல்லிக் குடுக்கறாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காத ஒருவர், செட்டிலேயே வயதானவர், முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னார்: "தப்பா நெனைக்காத கண்ணு. அவனுக்கு வயசு இருவத்தஞ்சு. எனக்கு அம்பது ஆகப் போகுது. ரெண்டு பேருக்கும் தொண்ணூறுன்னா ஆபீசரு ஆரைக் கூப்புடுவான், நீயே சொல்லு."

அவர் சொன்னதை எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். ஒரே கூலி கேட்டிருந்தால் பிழைத்திருப்போம் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அதிலும் ஒருவேளை வயதானவர்கள் முதலில் போயிருப்பார்கள். மற்றவர்கள் பின்னால் போயிருப்பார்கள்.

அப்போது அப்பா சொன்னார்: "கார்டு கேக்கலாம்."

எந்தக் கார்டு என்று ஒருவர் கேட்டார்.

"ரேஷன் கார்டுதான். இந்த ஜில்லா ரேஷன் கார்டு உள்ளவனுக்குத்தான் வேலைன்னு எழுதி வாங்கிக்கலாம். நம்ம பதினாலு பேருத்துக்கும் இருக்குது. அவுங்க ஒருத்தனுக்கும் இல்ல."

பேச்சு அங்கேயே முடிந்துபோயிற்று. அவ்வளவு சுலபமாக இருந்தது அது.

எங்கள் கார்டுகளைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். நாங்கள் மைசூரில் எத்தனை வருஷம் இருந்தாலும், செட்டில் ஒருவர்கூடக் கார்டை மைசூருக்கு மாற்றவில்லை. மாற்றத் தெரியாமல் இல்லை, மாற்றக்கூடாது என்று வைத்திருந்தார்கள். ஹனூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் மாரியம்மன் கோயிலுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போடுவார்கள். யார் தலைக்கட்டு என்பதற்குக் கார்டு ஊரில் இருக்க வேண்டும். கார்டு போய்விட்டால் வரி வாங்க மாட்டார்கள். வரி வாங்காவிட்டால் பண்டிகையில் நமக்கு மரியாதை இல்லை, பெண் கொடுக்க மாட்டார்கள், நம் பெண்ணையும் எடுக்க மாட்டார்கள். அப்படி ஒரு கணக்கு. அதனால் எங்கள் அரிசியையும் சர்க்கரையையும் ஊரில் பெரியப்பா வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மைசூரில் அம்மா மண்ணெண்ணெயை பிளாக்கில் வாங்கிக்கொண்டிருந்தாள். பாட்டில் தீரும் ஒவ்வொரு முறையும் ஒரே பேச்சுதான்.

"தலைக்கட்டு அங்க, அடுப்பு இங்க. மாரியாத்தாளா வந்து பத்த வெக்கறா?"

"சும்மா இரு. பேரு ஊர்ல இருக்கோணும்."

"பேரு மட்டும் இருந்து என்ன, ஆளு இருக்கறது இங்கதான."

அப்பாவுக்குக் கார்டு வேறொரு விதத்திலும் முக்கியம். காவிரித் தண்ணீர்த் தகராறு கிளம்பும் வருஷங்களில் எங்கள் ஆட்கள் பஸ்ஸில் வாயைத் திறக்காமல் வருவார்கள். அப்போதெல்லாம் அப்பா எனக்குச் சொல்லிக் கொடுத்தது: "நாம தமிழ்நாட்டுக்காரங்க இல்ல கண்ணு. மைசூர் ஜில்லாக்காரங்க. எவனாச்சும் கேட்டா கார்டுல அப்படித்தான் இருக்குதுன்னு சொல்லு." கொள்ளேகால் தாலுக்கா, மைசூர் ஜில்லா. கார்டின் முதல் பக்கத்தில் கன்னடத்தில் அப்படித்தான் இருந்தது. படிக்கத் தெரியாத அப்பா அந்த வரி எங்கே இருக்கிறது என்று விரலை வைத்துக் காட்டுவார்.

அந்தக் கார்டைத்தான் மறுநாள் அந்த அறைக்குக் கொண்டு போனோம்.

ஆபீசர் நெற்றியில் மெல்லிய நாமம் போட்டவர். எங்களிடம் எப்போதும் கன்னடம்தான் பேசுவார். கான்ட்ராக்டர் மைசூரிலேயே பிறந்த தமிழ்க்காரர். கன்னடம் கலந்த தமிழில் எங்களைத் தட்டிக்கொடுத்தே பேசுவார். "மேஸ்திரி, நீங்க சொல்றது சரி. நாமெல்லாம் ஒண்ணு. ஆனா கெலசம் நிக்கக்கூடாது. வேலை நின்னா லாரி நிக்குது, கம்பெனிக்கு வாடகை ஏறுது. சும்னே தகராறு எதுக்கு? முன்கேட்டு உங்களுது, பின்கேட்டு அவங்களுது, இருந்துட்டுப் போகட்டும்."

"லாரி எல்லாமே பின்கேட்டுக்குத்தான போகுது" என்றார் மேஸ்திரி.

ஆபீசர் பேனாவை மூடி வைத்துவிட்டு, உங்களுக்கு என்ன வேண்டும், ஒரே வரியில் சொல்லுங்கள் என்றார். நான் சொன்னேன். ஏற்று இறக்கு வேலை இந்த ஜில்லா ரேஷன் கார்டு உள்ளவர்களுக்கு மட்டும். ஒவ்வொரு வருஷமும் கான்ட்ராக்ட் புதுப்பிக்கும்போது கார்டைக் காட்ட வேண்டும். கூலி தொண்ணூறு பைசாவுக்குக் குறையக்கூடாது. ஆபீசர் முதல் இரண்டுக்கும் தலையை ஆட்டினார். கூலியை எழுத முடியாது, அது கான்ட்ராக்டர் விஷயம் என்றார். அதில் முட்டிக்கொண்டு நின்றது.

மேஸ்திரி எங்கள் பக்கம் திரும்பித் தமிழில் தாழ்ந்த குரலில் பேசினார். ஆபீசருக்குப் புரியாது, ஜன்னல் பக்கம் நின்ற கான்ட்ராக்டருக்குக் கேட்காது என்றுதான். "கூலிய உட்டுருடா. கார்டு வந்தாப் போதும். அவுங்க வெளியில போயிட்டாங்கன்னா அப்புறம் நம்மள உட்டா இந்த நாமம் போட்ட பூனைக்கு ஆளு ஏது? கூலிய நாம சொல்றதுதான்."

அப்பா சிரிப்பை அடக்கிக்கொண்டார். ஆபீசர் மூடி வைத்த பேனாவை எடுத்துத் திறந்தார். பிறகு தமிழில் பேசினார். அத்தனை வருஷத்தில் முதல்முறையாக.

"நன்னா யோசிச்சுண்டேளா? ஒருதரம் எழுதினா அப்புறம் மாத்த வராது. கார்டுன்னா கார்டுதான்."

அவர் வீட்டுப் பாஷை தமிழ். மேல்கோட்டைப் பக்கத்து ஐயங்கார் குடும்பம் என்று பிற்பாடு தெரிந்தது. அந்த நிமிஷம் மேஸ்திரியின் முகம் செத்துப்போயிற்று. எங்கள் மூன்று பேருக்கும் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அவர் எச்சரித்தாரா, கேலி செய்தாரா என்று எனக்கு இன்னும் தெரியாது. அப்போது யாருக்கும் அதை யோசிக்கும் நிலை இல்லை. எப்படியாவது கையெழுத்துப் போட்டுவிட்டு அந்த அறையை விட்டு வெளியே போனால் போதும் என்று இருந்தது. "யோசிச்சாச்சுங்க சாமி, யோசிச்சாச்சு" என்று மேஸ்திரி இரண்டு முறை சொன்னார். நான் கன்னடத்தில் எழுதினேன். கூலி வரி இல்லாமலே எழுதினேன். மேஸ்திரியும் அப்பாவும் பெருவிரலை வைத்தார்கள். கான்ட்ராக்டர் கடைசியாகக் கையெழுத்துப் போட்டு, மை காயட்டும் என்று ஊதினார்.

ஒரு வாரத்துக்குள் ஒரிசாக்காரர்களைக் கான்ட்ராக்டர் வேறு ஏதோ கட்டட வேலைக்கு மாற்றிவிட்டார். தங்கியிருந்தது என்னவோ அதே ஷெட்டில்தான். போகிற அன்றைக்கு அந்த ஆள் முன்கேட்டுக்கு வந்து, அப்பா கொடுத்த கோணி முக்காட்டைத் தட்டி மடித்துத் திருப்பிக் கொடுத்தார். அப்பா வாங்கிக்கொண்டு, "நம்ம கையில என்ன இருக்குது" என்றார். அவருக்குப் புரியவில்லை. புரிந்தது போலத் தலையாட்டினார்.

பின்கேட்டைப் பூட்டினார்கள். சனிக்கிழமைப் பங்கு பழையபடி முழுசாக வந்தது. அம்மா ஒரு பிரஷர் குக்கர் வாங்கினாள். மேஸ்திரி என்னைப் பார்க்கும்போதெல்லாம், "ஒரே கூலிக்காரர் வர்றாரு, வழி விடுங்கப்பா" என்பார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரு வரி எழுதினால் பதினான்கு குடும்பம் நிமிர்ந்து உட்காரும் என்பதை நேரில் பார்ப்பது சாதாரண விஷயமா? நான் பாஸாகி, மைசூர் அக்ரஹாரம் ஏரியாவில் ஒரு இரும்புக் கடையில் கணக்கு எழுதப் போனேன்.

அடுத்த வருஷம் ஜில்லாவைப் பிரித்தார்கள்.

நான் அதைப் பேப்பரில் படித்தேன். மைசூர் ஜில்லாவிலிருந்து சாமராஜநகரைத் தனி ஜில்லாவாக ஆக்கியிருந்தார்கள். கொள்ளேகால் தாலுக்கா அதில் போயிற்று. ஹனூர் அப்போது கொள்ளேகாலுக்குள் இருந்த ஊர், அதுவும் போயிற்று. நாட்டுக்கு நல்லதுதான், இனி ஆபீஸ் வேலைக்கு எங்கள் ஊர்க்காரர்கள் மைசூர் வரைக்கும் அலைய வேண்டாம் என்று வீட்டில் அப்பாவுக்குப் படித்துக்கூடக் காட்டினேன். அப்பா தலையாட்டிவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்கள் இரண்டு பேருக்கும் அந்தச் செய்தி எங்கோ நடப்பதாகத்தான் பட்டது.

கான்ட்ராக்ட் புதுப்பிக்கும் நாளில் கார்டுகளைக் கொண்டுபோகச் சொன்னார்கள். ஹனூர்ப் பக்கம் அதற்குள் புதுக் கார்டு கொடுத்திருந்தார்கள். பெரியப்பா அதைப் பஸ்ஸில் கொடுத்தனுப்பியிருந்தார். ஆபீசர் பதினான்கையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். ஒன்றைக்கூட விடவில்லை. பிறகு என் பக்கம் திருப்பி வைத்து, விரலால் ஒரு வரியைக் காட்டினார். அப்பா எப்போதும் விரல் வைத்துக் காட்டும் அதே இடம். சாமராஜநகர் ஜில்லா.

"ஊரு நகரலைங்க சாமி" என்றார் மேஸ்திரி. "நாங்க அங்கயேதான் இருக்கறோம். நீங்க கோடு போட்டா நாங்க வேத்தாளா?"

"கோடு போட்டது நான் இல்லை" என்றார் ஆபீசர், கன்னடத்தில். எங்கள் காகிதத்தை எடுத்து மேஜையில் வைத்தார். என் கையெழுத்து எனக்கே அழகாகத் தெரிந்தது. நான் அவரிடம் வாதாடினேன். இருபது வருஷமாக ஹெப்பாளில் இருக்கிறோம், வாடகைச் சீட்டு இருக்கிறது, நான் படித்த பள்ளிக்கூட சர்டிபிகேட் இருக்கிறது என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். அதையெல்லாம் நீங்கள் அன்றைக்கு எழுதியிருக்கலாம் என்றார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் திருப்பிக் கோபப்பட்டிருக்கலாம்.

கான்ட்ராக்டர் பையிலிருந்து எட்டுக் கார்டுகளை எடுத்து வைத்தார். எல்லாம் புதுசு. மைசூர் தாலுக்கா, மைசூர் ஜில்லா. ஷெட்டின் விலாசத்தில் ஒரு புரோக்கரைப் பிடித்து வாங்கியிருந்தார். ஒரிசாவில் தலைக்கட்டு வரி உண்டா, பேரை ஊரில் வைத்துக்கொள்ளும் பழக்கம் உண்டா எனக்குத் தெரியாது. உண்டு என்றாலும் அவர்களிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

பின்கேட்டைத் திறக்கவில்லை. அதற்குத் தேவை இல்லாமல் போயிற்று. அவர்கள் முன்கேட்டு வழியாகவே உள்ளே போனார்கள்.

எங்கள் ஆட்கள் அதற்குப் பிறகும் பத்துப் பதினைந்து நாள் கேட்டுக்கு எதிரில் வந்து உட்கார்ந்தார்கள். எதற்கு என்று யாருக்கும் தெரியாது. வேறு எங்கே போய் உட்காருவது என்பதும் தெரியாது. முதலில் வருவதை நிறுத்தியவர் அந்த முழங்கால் வலிக்காரர். பிறகு இரண்டு இரண்டு பேராகக் குறைந்தார்கள். மேஸ்திரி திருப்பூருக்குப் போய்விட்டார். அங்கே ஒரு பனியன் கம்பெனி குடோனில் வேலை. அங்கிருந்து ஒருமுறை வந்தவரிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்குது. என்னைய அங்க மைசூர்க்காரன்னு கூப்புடறாங்க. வெளியூர் ஆளுன்னு கூலி அஞ்சு ரூபா கொறைச்சு." கிளம்பும்போது, "ஒரே கூலின்னு அங்கயாவது வந்து எழுதிக் குடுக்கறியாடா" என்றார். இந்த முறை அவரும் சிரிக்கவில்லை.

அப்பா டெலிபோன் கேபிளுக்குக் குழி வெட்டப் போனார். மூட்டை தூக்கிய உடம்பு வேறு, குழி வெட்டுகிற உடம்பு வேறு. சாயங்காலம் வந்தால் உள்ளங்கையை விரிக்க முடியாமல் சோற்றுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதுவும் வாரத்தில் மூன்று நாள்தான். என் சம்பளத்தில் வாடகை போய்விடும். குக்கர் விசில் சத்தம் வீட்டில் குறைந்துபோயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஒரிசாக்காரர் எங்கள் லைன் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். கையில் ரேஷனில் வாங்கிய மண்ணெண்ணெய்க் கேன். அம்மாவிடம் கேனைக் கொடுத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட கார்டை எடுத்து அப்பாவிடம் நீட்டினார். அவருக்கும் படிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்கிறது என்று நான் படித்துச் சொல்ல வேண்டுமாம். அவருக்குச் சொல்வதற்கு அதுவரைக்கும் யாரும் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

நான் படித்தேன். பேர், வயது, ஷெட் விலாசம். தாலுக்கா மைசூர். ஜில்லா மைசூர்.

"மைசூர்" என்று அவர் மார்பைத் தொட்டுக்கொண்டார். எங்களைக் குத்திக்காட்ட வந்தவர் இல்லை. அவருக்கு எதுவும் தெரியாது. தன்னிடம் ஒரு நல்ல பொருள் வந்திருக்கிறது, தூக்கக் கற்றுக்கொடுத்தவரிடம் காட்ட வேண்டும், அவ்வளவுதான். அப்பா கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லாருக்குது. தொலைச்சுப்போடாத" என்றார். இரண்டு பேரும் வெளியே போய் ஒரு பீடியைப் பற்றவைத்தார்கள். அம்மா கேனை மூலையில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்று ராத்திரி அவள் அந்த மண்ணெண்ணெயை ஊற்றி அடுப்பைப் பற்றவைத்தாள். அதுதான் அப்பாவை அசைத்தது என்று நினைக்கிறேன்.

அப்பா கார்டை மாற்ற ஊருக்குப் போனார். நானும் போனேன். கொள்ளேகால் தாலுக்கா ஆபீசில் பேரை நீக்கிச் சீட்டு வாங்க மூன்று முறை அலைய வேண்டியிருந்தது. கடைசியில் கிளார்க் கையில் கொஞ்சம் வைத்த பிறகுதான் சீல் விழுந்தது. பெரியப்பா வீட்டில் சாப்பாடு போட்டார்கள், யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கிளம்பும்போது பெரியப்பா வாசல்வரை வந்தார்.

"இந்த வருச வரி போட்டாச்சு. கட்டீட்டுத்தான் போகோணும்."

"பேரே எடுத்துட்டேனே அண்ணா."

"பேரை எடுத்தது நீ. வரி போட்டது கோயலு."

அப்பா நூற்றைம்பதை எண்ணிக் கொடுத்தார். மைசூர் திரும்பும் வழியில் டி. நரசிபுரத்தில் பஸ் நின்றபோது, "இனி எவனாச்சும் கேட்டா என்னன்னு சொல்லுவ?" என்று கேட்டார்.

மைசூரில் நேராகப் போனால் ஆறு மாதம் என்றார்கள். ஷெட்டுக்காரர்களுக்கு வாங்கிக் கொடுத்த அதே புரோக்கரிடம் போனோம். அவர்களுக்கு மொத்தமாக வாங்கியதால் குறைத்துக் கொடுத்தாராம். எங்களுக்கு நானூறு. கார்டு வந்தது. ஹெப்பாள் விலாசம், மைசூர் தாலுக்கா, மைசூர் ஜில்லா. அப்பா அதை எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போனார். நானும் கடைக்கு லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன். ஆபீசரைப் பார்க்கத் தேவையில்லை, கான்ட்ராக்டரைப் பார்த்தால் போதும் என்று வாட்ச்மேனே சொல்லிவிட்டார்.

கான்ட்ராக்டர் கார்டைத் திறந்து பார்த்து மூடிக் கொடுத்தார். "வாங்கண்ணா. இப்ப நீங்களும் லோக்கல் ஆயிட்டீங்க. நாளையில இருந்தே வாங்க. ஆள் பத்தாமத்தான் இருக்கு."

"கூலிங்க?"

"எல்லாருக்கும் ஒண்ணுதாண்ணா. உங்களுக்கு ஒண்ணு அவங்களுக்கு ஒண்ணுன்னு நான் பாக்கறதில்ல. அம்பத்தஞ்சு."

நான் வாயைத் திறந்தேன். அப்பா என் கையைப் பிடித்தார். ஒரே கூலி. நான் கேட்கச் சொன்னது அதுதான்.

மறுநாள் அப்பா அலமாரிக்குப் பின்னால் கிடந்த கோணி முக்காட்டை எடுத்து உதறிக்கொண்டு போனார். ஒரிசாக்காரர் அவரைப் பார்த்துக் கையை ஆட்டிக் கூப்பிட்டு, தன் பக்கத்தில் வரிசையில் இடம் விட்டாராம். பங்கு கிடையாது. அவரவர் தூக்கியது அவரவருக்கு. காய்ச்சல் வந்தால் பாதிப் பங்கு தர யாரும் இல்லை. முன்பு எங்கள் ஆட்கள் கோணி விரித்து உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு லாரி டயரைப் போட்டு வைத்திருந்தார்கள் என்று அப்பா சொன்னார்.

அம்மா புதுக் கார்டில் முதல்முறையாக மண்ணெண்ணெய் வாங்கி வந்தாள். இந்தக் கார்டுக்கு மொத்தம் எவ்வளவு ஆயிற்று என்று அவள் கேட்டதால் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். கொள்ளேகால் பஸ்ஸும் கிளார்க்கும் சேர்ந்து நூற்றுப் பத்து, கோயில் வரி நூற்றைம்பது, புரோக்கருக்கு நானூறு. ஆக, அப்பா பழைய வேலைக்குத் திரும்பிப் போக எங்களுக்கு ஆனது அறுநூற்று அறுபது ரூபாய். ஐம்பத்தைந்து பைசா வீதம் ஆயிரத்து இருநூறு மூட்டை.